மலைவழி கேட்ட மக்கள் பாவலர் யூவன் மெக்கால்

தோற்றுவாய்

நம் ஊர்களில் நிலம் கைமாறும்போது எழுதப்பெறும் பத்திரங்களில் வழிநடைப் பாத்தியம் என்றொரு தொடர் இடம்பெறுவதைப் பெரியோர் அறிவர். நிலம் ஒருவருக்கு உரியதாக இருக்கும். அதன் வரப்பின்மேல் நடந்து தம் வயலுக்கோ கிணற்றுக்கோ செல்லும் உரிமை மற்றொருவருக்கு இருக்கும். உடைமை வேறு, நடக்கும் உரிமை வேறு என்னும் இந்த நுட்பமான வேறுபாட்டை நம் உழவர் பெருமக்கள் சட்டம் படித்தறிந்தவர் அல்லர், வாழ்ந்து அறிந்தவர். வரப்பை மறித்து முள் வைத்தவனை ஊர் கூடிக் கேள்வி கேட்ட நிகழ்ச்சிகள் எத்தனையோ உண்டு.

இதே வழிநடைப் பாத்தியத்தை ஒரு வரப்பின் அளவில் அன்றி, ஒரு மலையின் அளவில் கேட்டவர்கள் இங்கிலாந்து நாட்டு மான்செஸ்டர் நகரத்துத் தொழிலாளர்கள். அவர்தம் வேட்கையை ஒரு பாடலாக வடித்தவர் பதினேழே அகவை நிரம்பிய, வேலை ஏதுமற்ற ஓர் இளைஞர். மான்செஸ்டர் நகரத்து மலையுலாவி எனப் பொருள்படும் பெயர் பூண்ட அப்பாடல் 1932இல் பிறந்தது. அதனை இயற்றியவர் பின்னாளில் யூவன் மெக்கால் எனப் பெயர் பெற்றார். நாட்டுப்புறப் பாடல் துறையில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று. அவருடைய வாழ்வையும், அந்த ஒரு பாடலின் பின்னணியையும், பாடலால் விளைந்ததும் விளையாததும் எவை என்பதையும் இக்கட்டுரையில் நாம் காண முற்படுகிறோம்.

பிறப்பும் பெற்றோரும்

மெக்காலின் இயற்பெயர் ஜேம்ஸ் ஹென்றி மில்லர் என்பதாகும். 1915ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 25ஆம் நாள், மான்செஸ்டர் நகரை ஒட்டிய சால்ஃபோர்டில் அவர் பிறந்தார். தந்தை வில்லியம் மில்லர் இரும்பு வார்ப்புத் தொழிலாளி, தாய் பெட்சி. இருவரும் ஸ்காட்லாந்து நாட்டினர். தொழிற்சங்கப் பணியில் முன்நின்ற தந்தைக்கு ஸ்காட்லாந்து ஆலைகள் வேலை தர மறுத்தமையால், பிழைப்புத் தேடி அக்குடும்பம் சால்ஃபோர்டிற்குக் குடிபெயர்ந்தது. அவர்களுக்குப் பிறந்த மக்களுள் உயிர்பிழைத்து வளர்ந்தவர் இவர் ஒருவரே.

சால்ஃபோர்டு அந்நாளில் பஞ்சாலைகளும் வார்ப்படச் சாலைகளும் நெருங்கி நின்ற ஊர். புகையின்றி வானத்தைக் காண்பது அங்கு அரிது. தந்தைக்கு வேலை நிலையாக இல்லாத காலங்களில் தாய் பிறர் இல்லங்களையும் அலுவலகங்களையும் துப்புரவு செய்து குடும்பத்தைத் தாங்கினார். வறுமை மிக்க அவ்வீட்டில் குறைவின்றி இருந்தவை இரண்டு. ஒன்று அரசியல் உரையாடல், மற்றொன்று பாட்டு. பெற்றோர் இருவரும் ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்களை நெஞ்சில் நிறைத்து வைத்திருந்தனர். அச்சேறிய நூல்களில் ஆய்வாளர் தேடிய பாடல்கள் பலவற்றை மெக்கால் தம் தாயின் வாய்மொழியாகவே கேட்டு வளர்ந்தார். தாலாட்டும் ஒப்பாரியும் ஏற்றப்பாட்டும் நம் வீடுகளில் எவ்வாறு ஏட்டின் துணையின்றி வழிவழி வந்தனவோ, அவ்வாறே அவருக்கும் அவை வாய்த்தன எனலாம்.

நூலகமே பல்கலைக்கழகம்

1930ஆம் ஆண்டளவில் மெக்காலின் பள்ளிப் படிப்பு முடிவுற்றது. உலகப் பொருளாதாரப் பெருமந்தம் தலைவிரித்தாடிய காலம் அது. லங்காஷயர் வட்டாரத்தின் பஞ்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சோர்ந்தன. பள்ளியிலிருந்து வெளிவந்த இளைஞர்கள் நேரே வேலையற்றோர் வரிசையிற் போய் நின்றனர். கிடைத்த சிறுசிறு வேலைகளும் நிலைக்கவில்லை.

வேலையற்ற நாள்களை மெக்கால் வீணாக்கினார் அல்லர். குளிருக்கு ஒதுங்க இடமும், கட்டணமின்றிப் படிக்க நூலும் தந்த மான்செஸ்டர் பொது நூலகத்தை அவர் தம் பல்கலைக்கழகமாக ஆக்கிக் கொண்டார். இலக்கியம், நாடகம், வரலாறு, பொருளியல் எனக் கைக்கு எட்டியவற்றையெல்லாம் கற்றார். பட்டம் ஒன்றும் பெறாத அவருக்குப் பிற்காலத்தில் சிறப்புப் பட்டம் அளிக்கப்பெற்றது. நூலகத்தின் கதவு திறந்திருக்கும் வரையில் ஏழையின் கல்விக்கு முற்றுப்புள்ளி இல்லை என்பதை மாணவச் செல்வங்கள் இவர் வாழ்விலிருந்து உணர்தல் வேண்டும்.

இக்காலத்தே அவர் பொதுவுடைமை இளைஞர் கழகத்தில் சேர்ந்தார். ஆலை வாயில்களில் விற்கப்பெற்ற தொழிலாளர் ஏடுகளுக்கு நையாண்டிப் பாடல்கள் எழுதினார். 1931இல் சிவப்பு ஒலிபெருக்கிகள் என்னும் பொருள்படும் பெயருடைய தெருநாடகக் குழு ஒன்றை நண்பர்களோடு அமைத்து, சந்தைத் திடல்களிலும் ஆலை வாயில்களிலும் குறுநாடகங்கள் நடத்தினார். திரையும் மேடையும் இல்லாத அந்நாடகங்களில் பாட்டே மக்களைக் கூட்டும் பறையாக விளங்கியது.

வேலியிட்ட மலை

மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டிற்கும் இடையே பீக் மாவட்டம் எனப்படும் மலைநாடு அமைந்துள்ளது. அதன் உச்சி கிண்டர் ஸ்கவுட். உயரம் 636 மீட்டர். நம் நாட்டு மலைகளை நோக்க இஃது ஒரு குன்றே. எனினும், இருபுறமும் புகைமண்டிய இரு பெருநகரங்களின் இடையே காற்றும் நீரும் மாசற்று விளங்கிய அம்மேட்டுநிலம், ஆறு நாளும் ஆலையில் அடைபட்ட மக்களுக்கு உயிர்மூச்சாகத் தோன்றியது. ஞாயிறுதோறும் ஆயிரக்கணக்கானோர் குறைந்த கட்டணப் புகைவண்டியேறி மலையடிவாரச் சிற்றூர்களில் வந்திறங்கினர். வேலையற்றோருக்கோ எல்லா நாளும் ஞாயிறாகவே இருந்தது.

ஆனால் மலையடிவாரத்தில் அவர்களை வரவேற்றவை தடைப்பலகைகள். ஒரு காலத்தில் ஊர்ப்பொதுவாகவும் மேய்ச்சற் புறம்போக்காகவும் விளங்கிய நிலங்கள், 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றம் இயற்றிய வேலியிடற் சட்டங்களின் வழியே தனியார் உடைமைகளாயின. மேட்டுநிலத்தில் வாழும் கிரவுஸ் என்னும் பறவையை வேட்டையாடும் பொழுதுபோக்கிற்காகப் பெருநிலக்கிழார்கள் அந்நிலங்களைக் காவலிட்டு வைத்தனர். வேட்டைப் பருவம் ஆகஸ்டு 12ஆம் நாள் தொடங்கும். அதிலும் துப்பாக்கி முழங்கும் நாள்கள் சிலவே. அச்சில நாள்களுக்காக ஆண்டு முழுவதும் வேட்டைக்காவலர் கையில் தடியோடு மலையைக் காத்தனர். கிண்டர் மேட்டின் பெரும்பகுதி டெவன்ஷயர் கோமகனுக்கு உரியதாக இருந்தது.

இதனை மாற்ற முயன்றோர் இலர் என்று கூறுதற்கில்லை. 1884இலேயே ஜேம்ஸ் பிரைஸ் என்னும் உறுப்பினர், மலைகளில் மக்கள் நடக்க வழிவகுக்கும் சட்ட முன்வரைவை நாடாளுமன்றத்தில் வைத்தார். அது நிறைவேறவில்லை. பின்னரும் பலமுறை வைக்கப்பெற்றது, பலமுறையும் தோற்றது. அரை நூற்றாண்டுக் காலம் மனுவிலும் மன்றாட்டிலும் கழிந்தது.

மண் எவருக்கு உரியது என்னும் வினா எல்லாச் சமயத்தவர் நெஞ்சிலும் எழுந்துள்ள வினாவே. நீர், மேய்ச்சற் புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் எனும் கருத்து நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெற்றிருப்பதை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். பூமியில் நடந்து சென்று படைப்பின் விந்தைகளைப் பார்க்குமாறு திருமறையும் பல இடங்களில் மாந்தரை அழைக்கிறது. மான்செஸ்டர்த் தொழிலாளர் இவற்றைக் கற்றவர் அல்லர். எனினும், இறைவன் படைத்த மலையைக் காணும் பேறு இயல்பாக எல்லார்க்கும் உரியது என்னும் உணர்வு அவர்தம் உள்ளத்திலும் இருந்தது என்பதில் ஐயமில்லை.

ஏப்ரல் 24ஆம் நாள்

1932ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையையொட்டி, பிரித்தானியத் தொழிலாளர் விளையாட்டுக் கூட்டமைப்பைச் சேர்ந்த இளைஞர் சிலர் பிளீக்லோ என்னும் மேட்டில் நடக்க முயன்றபோது காவலர்களால் விரட்டப்பட்டனர். பத்துப் பேரை விரட்டலாம். நூற்றுக்கணக்கானோர் திரண்டு வந்தால் எவ்வாறு விரட்டுவர் என்னும் எண்ணம் அவர்களுக்குப் பிறந்தது. அவ்வெண்ணத்திற்குத் தலைமை தாங்கியவர் பென்னி ராத்மன். ருமேனியா நாட்டிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மகன், வண்டி பழுதுபார்க்கும் தொழிலாளி, அகவை இருபது.

ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. புகைவண்டி நிலையத்தில் காவல்துறையினர் காத்திருப்பர் என்று கருதிய ராத்மன், மிதிவண்டியிலேயே ஹேஃபீல்டு சிற்றூரை அடைந்தார். ஏறத்தாழ 400 பேர் என்று கணிக்கப்பெறும் கூட்டம் அவ்வூருக்கருகே பௌடன் பிரிட்ஜ் என்னும் கைவிடப்பட்ட கற்குழியில் கூடியது. பேசுவதாக இருந்தவர் பேசாமற் போகவே, ராத்மனே ஒரு பாறையின்மீது ஏறிப் பேசினார். பின்னர்க் கூட்டம் பாடிக்கொண்டே மலையேறியது. சரிவில் காவலர்களோடு கைகலப்பு நேர்ந்தது. காவலர் ஒருவர் காயமுற்றார். அதையும் கடந்து மேலே சென்றோர், மறுபுறத்திலிருந்து ஏறிவந்த மற்றொரு குழுவினரைச் சந்தித்து மகிழ்ந்து திரும்பினர்.

இறங்கி வரும்போது ஊர் எல்லையில் காவல்துறை காத்திருந்தது. ஆறு இளைஞர்கள் தளையிடப்பட்டனர். இங்கிலாந்துச் சட்டப்படி பிறர் நிலத்தில் நடத்தல் உரிமையியல் தவறேயன்றிக் குற்றவியற் குற்றம் அன்று. ஆகவே கலகக் கூட்டம் கூடுதல், தாக்குதல் முதலிய குற்றங்கள் சாட்டப்பெற்றன. சூலைத் திங்களில் டார்பி அமர்வு நீதிமன்றத்தில் ஐவருக்கு 2 முதல் 6 திங்கள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ராத்மனுக்கு 4 திங்கள்.

நடந்ததற்காக இளைஞர்கள் சிறை புகுந்தனர் என்றே நாடு இதனைப் புரிந்துகொண்டது. அதுவரை மலைநடையில் நாட்டமற்றோரும் சினங்கொண்டனர். அவ்வாண்டுக் கோடையில் வின்னட்ஸ் கணவாயில் நடைபெற்ற பேரணியில் ஏறத்தாழ 10,000 பேர் திரண்டனர்.

பாடல் பிறந்தது

அன்று மலையேறியோருள் பதினேழு அகவை மெக்காலும் ஒருவர். போராட்டத்தைப் பற்றிச் செய்தித்தாள்களுக்குச் செய்தி சேர்ப்பிக்கும் பணியிலும் அவர் பங்கு கொண்டிருந்தார். அந்நிகழ்ச்சியின் சூடு ஆறுமுன்னர் அவர் இயற்றியதே மான்செஸ்டர் மலையுலாவியின் பாடல்.

அப்பாடலின் அமைப்பை நாம் சற்று நோக்குவோம். தலைவன் ஒரு தொழிலாளி. தன் கதையைத் தானே கூறுகிறான். தான் நடந்த குன்றுகளின், ஓடைகளின் பெயர்களை அடுக்கிச் சொல்லித் தொடங்குகிறான். ஊர்ப்பெயர்களைச் சொல்வதிலேயே ஓர் உரிமை தோன்றிவிடுகிறது. பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவனை அந்நிலத்திற்கு அயலான் எனக் கூறுவது எங்ஙனம்? அடுத்து, வேட்டைக்காவலன் ஒருவன் எதிர்ப்படுகிறான். பறவைகளின் நலம் பேசி அவன் மறிக்கிறான். மலைக்கும் ஒரு தனியுடைமையாளன் இருத்தல் கூடுமோ என்பது தலைவனின் மறுமொழியாக அமைகிறது. பின்னர்த் தலைவன் விரும்பிய பெண் வருகிறாள். அவளும் இரும்பு பற்றவைக்கும் தொழிலாளியே. அவளையேனும் பிரிவேன், மலையைப் பிரியேன் என்று அவன் விளையாட்டாகச் சூளுரைக்கிறான். வார நாள்கள் முதலாளிக்கு, ஞாயிறு தனக்கு என்னும் கருத்துப் பல்லவியாகித் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது.

இப்பாடலில் சினம் உண்டு. ஆயினும் கசப்பு இல்லை. முழக்கம் உண்டு, அதனினும் மிகுதியாக நகை உண்டு. சிறை சென்ற தோழர்களைப் பற்றி அழுது எழுதியிருந்தால் அஃது அவ்வாண்டோடு மறைந்திருக்கும். மகிழ்ச்சியோடு நடக்கும் ஒரு மனிதனைப் படைத்து, அம்மகிழ்ச்சிக்குக் குறுக்கே நிற்கும் வேலியைக் காட்டியமையால் அது நிலைத்தது. கேட்போர் முதலில் நடையை விரும்பினர். பின்னரே வேலியை வெறுத்தனர். நடைக்கு ஏற்ற தாளமும், கூட்டமாகச் சேர்ந்து பாடுதற்கு ஏற்ற பல்லவியும் அமைந்தமையால், மலையேறுவோர் அதனை எழுதியவர் யார் என்று அறியாமலே பாடலாயினர். ஆசிரியர் பெயர் மறைந்து பாட்டு மட்டும் உலவுவதே நாட்டுப்புறப் பாடலின் இலக்கணம் என்பர். ஆசிரியர் உயிரோடிருக்கும்போதே அவ்விலக்கணத்தை எய்திய பாடல் இது.

நாடகமும் புதிய பெயரும்

1934இல் ஜோன் லிட்டில்வுட் என்னும் நாடக இயக்குநரோடு மெக்கால் இணைந்தார். இருவரும் மணந்து கொண்டதோடு, பல நாடகக் குழுக்களையும் நிறுவினர். 1940இல் அவர்கள் நடத்திய நடப்புச் செய்தி நாடகம் ஒன்று காவல்துறையால் தடுக்கப்பட்டது. உளவுத்துறை மெக்காலைப் பற்றி நெடுநாள் கோப்பு வைத்திருந்தது என்பது பின்னாளில் வெளியான ஆவணங்களால் தெரியவந்தது. போர் முடிந்தபின் 1945இல் இருவரும் தொடங்கிய நாடகப் பட்டறை பிரித்தானிய நாடக வரலாற்றில் தனியிடம் பெற்றது. ஜேம்ஸ் மில்லர் என்னும் பெயர் மறைந்து யூவன் மெக்கால் என்னும் பெயர் நிலைத்ததும் அக்காலத்தேயாகும்.

1949இல் நாடகம் ஒன்றின் காட்சி மாற்றத்திற்காக அவர் எழுதிய பாடலே அழுக்குப் படிந்த பழைய நகரம் என்னும் பொருளுடைய புகழ்பெற்ற பாடல். அந்நகரம் அவர் பிறந்த சால்ஃபோர்டே. பிற்காலத்தில் அயர்லாந்துப் பாடகர்கள் பலர் பாடியமையால், அதனை அயர்லாந்துப் பாடல் என்றே கருதுவோர் இன்றும் உளர். 1953இல் நாடகப் பட்டறை இலண்டனில் நிலைகொண்டபோது, மெக்கால் மெல்ல மெல்ல நாடகத்தை விட்டு நாட்டுப்புறப் பாடலின்பால் முழுமையாகத் திரும்பினார்.

தொழிலாளர் குரலே காவியம்

1956இல் அமெரிக்கப் பாடகியும் இசைக்கலைஞருமான பெகி சீகரை மெக்கால் சந்தித்தார். அவர்தம் இணைவு மெக்காலின் இறுதிக்காலம் வரை நீடித்தது. 1957இல் பெகிக்காக அவர் இயற்றிய காதற்பாடலை ராபர்ட்டா ஃபிளாக் என்னும் அமெரிக்கப் பாடகி பாட, அது 1972இல் உலகெங்கும் பரவி, மறு ஆண்டு கிராமி விருதும் பெற்றது. பொருளுக்காக எழுதாத பாடல் பொருளையும் புகழையும் ஒருங்கே கொணர்ந்தது.

எனினும், நாட்டார் வழக்காற்றியல் பயிலும் மாணவர்கள் கருத்தில் கொள்ளத்தக்கது அவருடைய வானொலிக் கதைப்பாடல்களே. பிபிசி வானொலியின் சார்லஸ் பார்க்கர், பெகி சீகர், மெக்கால் ஆகிய மூவரும் 1958 முதல் 1964 வரை எட்டுக் கதைப்பாடல்களை ஆக்கினர். முதலாவது ஜான் ஆக்சன் என்னும் புகைவண்டி ஓட்டுநரைப் பற்றியது. 1957 பிப்ரவரியில் மலைச்சரிவில் தடை இழந்து ஓடிய வண்டியைவிட்டுக் குதித்துத் தப்பாமல், முன்னிருப்போரை எச்சரித்தவாறே உயிர் துறந்தவர் அவர். அடுத்தடுத்துச் சாலை அமைப்போர், மீனவர், சுரங்கத் தொழிலாளர், இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்டோர், வளரிளம் பருவத்தினர், குத்துச்சண்டை வீரர், நாடோடி மக்கள் ஆகியோரைப் பற்றிய ஆக்கங்கள் வந்தன. மீனவரைப் பற்றியது 1960இல் இத்தாலியப் பரிசைப் பெற்றது.

இவற்றின் புதுமை யாது? அதுவரை வானொலியில் தொழிலாளியின் சொற்களை நடிகரே பேசுவர். மெக்கால் குழுவினர் ஒலிப்பதிவுக் கருவியைத் துறைமுகத்திற்கும் சுரங்கத்திற்கும் சுமந்து சென்று, தொழிலாளியின் குரலையே பதிந்து, அக்குரலின் ஏற்ற இறக்கத்திற்கேற்பப் பாடல் இயற்றி இணைத்தனர். ஊர்ப்பேச்சு இழிவானது அன்று, அதுவே காவியத்தின் ஊற்று என்பதை அவர்கள் மெய்ப்பித்தனர். நாடோடி மக்களின் பாடல்களைத் தொகுத்து மெக்காலும் பெகியும் 1977இல் வெளியிட்ட நூலும் களப்பணியாளர்க்குப் பயன்படும் ஒன்றாகும்.

குறையும் நிறையும்

ஒருவர் வரலாற்றை எழுதுங்கால் குறையை மறைத்து நிறையை மட்டும் கூறுதல் முறையன்று. மெக்காலிடமும் குறைகள் இருந்தன. 1940இல் படையிற் சேர்ந்த அவர் அவ்வாண்டிலேயே படையை விட்டு அகன்று மறைந்தார். அவருடைய இல்லறத்தில் முறிவுகள் நேர்ந்து, அவற்றால் அவரைச் சார்ந்தோர் துன்புற்றனர். ஸ்டாலினைப் புகழ்ந்தும் அவர் பாடல் இயற்றினார். அப்புகழ்ச்சியை வரலாறு ஏற்கவில்லை. இலண்டனில் அவர் நடத்திய பாடகர் கழகத்தில், ஒவ்வொருவரும் தத்தம் நாட்டு, தத்தம் மொழிப் பாடலையே பாடுதல் வேண்டும் என விதி வகுத்தார். அமெரிக்கப் பாடலைப் போலி செய்வதைத் தடுத்த அவ்விதி நன்மை பயந்தது உண்மையே. ஆயினும் சால்ஃபோர்டில் பிறந்து ஸ்காட்லாந்துப் பெயரும் குரலும் பூண்ட ஒருவர் இவ்விதியை வகுத்தமை பலருக்கு நகைப்பை விளைத்தது. இளம் பாடகர்களிடம் அவர் கடுமை காட்டினார் என்போரும் உளர்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. கிண்டர் மலைக்காகச் சிறை சென்றவர் மெக்கால் அல்லர். சிறை சென்ற ஐவர் பெயரை உலகம் பெரிதும் அறியாது; பாட்டு எழுதியவர் பெயரை அறியும். இது நேர்மையா என்னும் வினா நம் நெஞ்சை உறுத்துகிறது. நம் நாட்டு விடுதலைப் போரிலும் பாடியோர் பெயர் நிலைத்தது. அடிபட்டோர் பலர் பெயர் மறைந்தது. ஆகவே இப்பாடலைப் போற்றும்போது பென்னி ராத்மனையும் அவர் தோழர்களையும் உடன் போற்றுதலே முறை.

இன்னும் ஒரு கருத்தும் உண்டு. மான்செஸ்டர் மலைநடையோர் கூட்டமைப்பின் தலைவர்கள் அன்றைய அத்துமீறலை எதிர்த்தனர். நிலக்கிழாரோடு அமைதியாக நடத்திவந்த பேச்சு இதனாற் கெடும் என்பது அவர்தம் அச்சம். மலைவழி உரிமையை வென்றது ஒரு நாள் கலகமா, அரை நூற்றாண்டு மனுவா என்று வரலாற்றறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். இரண்டும் இன்றியமையாதன என்பதே நம் கருத்து. மனு இல்லையேல் கலகத்திற்கு வடிவம் இல்லை. கலகம் இல்லையேல் மனுவிற்குச் செவி இல்லை.

சட்டமும் மன்னிப்பும்

1939இல் ஒரு சட்டம் பிறந்தது; அது நிலக்கிழார்க்கே சாதகமாக உருமாறியது. போருக்குப் பின் தொழிற்கட்சி ஆட்சியில் 1949இல் தேசியப் பூங்காக்கள் சட்டம் இயற்றப்பட்டது. 1951 ஏப்ரலில் பிரித்தானியாவின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது பீக் மாவட்டமே. 1965இல் எடேல் சிற்றூரிலிருந்து தொடங்கும் பென்னைன் நெடுநடைப் பாதை திறக்கப்பட்டது. 1982இல் கிண்டர் ஸ்கவுட் தேசிய அறக்கட்டளையின் உடைமையாயிற்று. 2000ஆம் ஆண்டுச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்சிலும் மலை, மேட்டுநிலம், புதர்நிலம், பதிவுபெற்ற ஊர்ப்பொது ஆகியவற்றில் நடக்கும் உரிமையை மக்களுக்கு வழங்கியது. 2003இல் ஸ்காட்லாந்து அதனினும் விரிந்த உரிமையை அளித்தது.

2002 ஏப்ரலில், அத்துமீறலின் எழுபதாம் ஆண்டு நிறைவு விழாவில், பதினோராவது டெவன்ஷயர் கோமகன் தம் முன்னோரின் செயலுக்காகப் பொதுமக்கள்முன் வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கோரினார். பெருந்தன்மை மிக்க செயல் அது. ஆயினும் அதனைக் கேட்க ராத்மன் உயிரோடில்லை. மூன்று திங்களுக்கு முன்னர், 90ஆம் அகவையில் அவர் மறைந்துவிட்டார். மெக்கால் மறைந்தோ பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

போராட்டம் முடிந்துவிட்டதாகவும் கூறுதற்கில்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்டது இங்கிலாந்து நிலப்பரப்பில் ஏறத்தாழ 8 விழுக்காடே. டார்ட்மூர் மேட்டில் கூடாரமிட்டு இரவு தங்கும் உரிமை நிலவுடைமையாளரால் வழக்கிற்கு உள்ளாகி, 2025 மே திங்களில்தான் நாட்டின் உச்ச நீதிமன்றத்தால் உறுதி செய்யப்பெற்றது.

முடிவுரை

எழுபது அகவை கடந்த பின் மெக்கால், ஸ்காட்லாந்தின் வடமேற்கிலுள்ள சுயில்வென் மலையில் குடும்பத்தாரோடு ஏற முயன்றார். பாதி வழியில் கால்கள் மறுத்தன. உடன் வந்தோரை மேலே போகச் சொல்லிவிட்டு அவர் அங்கேயே அமர்ந்தார். இளமையில் எந்தக் காவலராலும் தடுக்க முடியாத நடையை முதுமை தடுத்தது. அன்றைய உணர்வே அவருடைய பிற்காலப் பாடல்களுள் மிகச் சிறந்த ஒன்றாயிற்று. மலைகளிடமும் மனைவியிடமும் மக்களிடமும் நன்றியோடு விடைபெறும் பாடல் அது. 1989ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22ஆம் நாள், இதய அறுவை மருத்துவத்தையடுத்து இலண்டனில் அவர் இயற்கை எய்தினார். தம் வரலாறாக அவர் எழுதி வைத்த நூல் மறு ஆண்டு வெளிவந்தது.

மலையைத் தமக்குப் பட்டா எழுதித் தருமாறு மெக்காலோ அவர் தோழரோ கேட்டிலர். ஒரு கல்லையும் அவர்கள் வீட்டிற்கு எடுத்துச் செல்லவில்லை. ஏறவும், நின்று காற்றை நுகரவும், இறங்கி மீண்டும் ஆலைக்குச் செல்லவுமே வழி கேட்டனர். உலகில் நாம் யாவரும் வழிநடைப் பாத்தியம் உடையவரேயன்றி நிலைத்த உடைமையாளர் அல்லர் என்பதை உணர்ந்தோர்க்கு அவ்வேண்டுகோள் மிகையாகத் தோன்றாது. நம் வரப்புகளிலும், குளக்கரைகளிலும், குன்றுகளிலும் பொதுவழி குறுகிவரும் இந்நாளில், வழி மறிக்கப்படும்போது கேட்கும் துணிவையும், கேட்கும்போது இனிமையாகக் கேட்கும் பண்பையும் இளைஞர் உலகம் இப்பாவலரிடமிருந்து கற்றுக்கொள்ளுமாக.